ஆறுதல் சொல்லப் போன வீடுகள்

துக்கப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே போய் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பதுதான் எங்கள் தொழில். சபை ஊழியக்காரி என்பது ரிஜிஸ்டரில் இருக்கிற பெயர். ஊரில் 'பைபிளம்மா' என்பார்கள். என் பெயர் லில்லிபாய். தக்கலைக்கு மேற்கே ஒரு சபையில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். வியாதிக்காரர் வீடு, சாவு வீடு, குடிகாரன் வீடு, ஆஸ்பத்திரி வார்டு. போகணும், உட்காரணும், கேட்கணும், ஆண்டவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லணும், ஜெபித்துவிட்டு எழும்பணும். கேட்க லேசாகத்தான் இருக்கும்.

நீங்களும் எப்போதாவது யாருக்காவது ஆறுதல் சொல்லப் போயிருப்பீர்கள். சொன்ன வார்த்தை வாயைவிட்டு வந்த உடனே, அதை எட்டிப் பிடித்துத் திரும்ப விழுங்க முடியாதா என்று தவித்திருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தவிக்கிறேன், நீங்கள் சும்மா தவிக்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் நான் சொல்லப்போவது ஜெயித்த கதைகள் இல்லை. அவற்றைச் சாட்சிக் கூட்டத்தில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் வீடு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ரப்பர் வெட்டுக்குப் போகிற தங்கராஜின் மனைவி ஜெயாவுக்கு மூன்றாவது பிரசவம். முந்தைய ரெண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இது ஒன்பது நாள் இருந்து போனது. எங்கள் பக்கத்தில் போதகரை அய்யர் என்றுதான் சொல்வோம். அய்யர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க போயி அந்தப் பிள்ளைய ஒண்ணு பாத்துட்டு வாருங்க" என்றார். நான் சாவுக்கு உரிய வசனங்களாக ஆறேழு பொறுக்கி, பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அது பால் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். பதற்றத்தில் படித்து வந்ததையெல்லாம் ஒப்பித்தேன். கொடுத்தவர் அவர்தான், எடுத்துக்கொண்டவரும் அவர்தான், நாம் அவரைத் துதிக்கத்தான் வேண்டும் என்று முடித்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிதான் கேட்டாள்: "திரும்ப எடுக்கம்போ எனக்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கப்பிடாதா அக்கா?"

பதினோரு நாள்

களியக்காவிளை சந்தையில் மூட்டைச் சுமடு எடுக்கிற ராஜனைக் குடியிலிருந்து மீட்க வேண்டும் என்று அவன் மனைவி சுனிதா எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வந்தாள். அவர்கள் இந்துக்கள். "எந்தச் சாமியானாலும் சரி, மனுசன் நேரே நின்னா போதும்" என்பதுதான் அவள் கட்சி. நான் வாரத்துக்கு மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் ராஜன் என் முன்னால் முழங்கால் போட்டு, பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. வாரக் கடைசியில் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னான். நாங்கள் எல்லோரும் அழுதோம். நான் கூடுதலாக அழுதேன். என் கணக்கில் முதல் வெற்றி அல்லவா!

பதினோரு நாள் அப்படி நடந்தது. மகளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான். சாயங்காலம் சுனிதாவோடு உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தான். பன்னிரண்டாம் நாள், குடித்து விழுந்து கிடந்தவனைச் சந்தைக்குப் பின்னால் ஓடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ஓடிப்போனேன். தளராதே, மறுபடி ஜெபிப்போம், விழுந்தவன் எழும்புவான் என்றெல்லாம் சொன்னேன். சுனிதா அவன் காலில் அப்பியிருந்த சேற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பதினோரு நாளு எதுக்குக்கா தந்தாரு உங்க சாமி? அது இல்லாம இருந்தா நான் இதையே பழகியிருப்பேன்."

கடப்புறத்துக்காரி

ஒரு புயலுக்குப் பல மாசம் கழித்து இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்குப் பல சபைப் பெண்களும் சேர்ந்து போனோம். அங்கே உள்ளவர்கள் கத்தோலிக்கர்கள், தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு முந்தின கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் போய் விசுவாசம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் துணிமணியோடு ரெண்டு ஆறுதல் வார்த்தையும் கொண்டுபோனோம். சகாயமேரி என்பவளின் வீட்டுக்காரர் அந்தப் புயலன்று போன வள்ளம் திரும்பவில்லை. அதிலே போன நாலு பேரும் இல்லை. எட்டு மாசம் ஆகியிருந்தது. மற்ற மூன்று வீட்டிலும் திருப்பலி வைத்து, படத்துக்கு மாலை போட்டாயிற்று. இவள் மட்டும் போடமாட்டேன் என்றாள். வீட்டுக்காரரின் செல்போன் நம்பர் செத்துப்போகாமல் இருக்க அதற்கு ரீசார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் மாமியார் என் காதில், "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க, அவ மனசு ஒரு கரையில நிக்கட்டும்" என்றாள். நான் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினேன். இந்தத் தடவை ஒப்பிக்கவில்லை. மெதுவாக, நம்பித்தான் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டாள். வலை பின்னுகிற கை நிற்கவே இல்லை. கடைசியில் சொன்னாள்: "நீங்க சொல்லுதது எல்லாம் எனக்கும் விசுவாசம்தான் அக்கா. ஆனா உயிர்த்தெழும்ப முதல்ல சாவணும் இல்லா? இவரு செத்தத யாரு பாத்தா?"

சத்தம் வேண்டாம்

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் கிடக்கிற வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் வைகுண்டமணி என்று ஒரு பெரியவர், அய்யா வைகுண்டரைக் கும்பிடுகிற அய்யாவழிக்காரர். நெற்றியில் நாமம் தீச்சுடர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், பேச்சு கிடையாது. ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டுவார். நான் அவரைத் தாண்டித் தாண்டிப் போவேன். அவருடைய வழி வேறு, நாம் எப்படி என்று ஒரு கூச்சம். ஒரு நாள் அவரே கையைத் தட்டிக் கூப்பிட்டு, பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். எல்லோரிடமும் போகிறாய், என்னிடம் ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

உட்கார்ந்தேன். "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணை மூடி, வழக்கமான குரலில் ஆரம்பித்தேன். எங்கள் ஊழியக்காரர் குரல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஜெபிக்கிற குரல். ரெண்டு வரி போவதற்குள் அவர் என் முழங்கையைத் தட்டினார். கண்ணைத் திறந்தேன். நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி என் மடியில் வைத்திருந்தார்: "நல்லா ஜெபிங்க, சத்தம் மட்டும் வேண்டாம், அடுத்த கட்டில்காரர் மூணு நாளைக்குப் பிறகு இப்பதான் உறங்குகார்."

ஏழு செவ்வாய்க்கிழமை

இனி சொல்வது பிரமிளாவைப் பற்றி. எங்கள் சபையில் எமிலி டீச்சர் என்று ஒருவர். ரிட்டயர்டு ஆனவர், வீட்டுக்காரர் இல்லை. அவருடைய ஒரே மகள் பிரமிளா. இருபத்தொன்பது வயது, தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்தான். கல்யாணமாகி ரெண்டாம் வருஷம், ஒரு போன் பேச்சில் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டான். அவள் அம்மா வீட்டுக்கு வந்தாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். நாகர்கோவிலில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கியிருந்தார்கள். அதனால் சாப்பிட்டாள், குளித்தாள். வெளியே மட்டும் வரவில்லை.

டீச்சர் கேட்டுக்கொண்டதால் நான் செவ்வாய்க்கிழமைதோறும் போக ஆரம்பித்தேன். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதிலே ஒரு மணி நேரம் உட்காருவேன். முதல் வாரம் கதவைப் பார்த்துப் பேசினேன், பதில் இல்லை. ரெண்டாம் வாரம் பாட்டுப் பாடினேன். அதற்கும் பதில் இல்லை. அதன் பிறகு பேசாமல் உட்கார்ந்திருக்கத் தொடங்கினேன், அது எனக்குப் புதுசு. பயறு தோலெடுக்கக் கொண்டுபோவேன். எட்டாவது செவ்வாய்க்கிழமை தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கலைந்த தலையும் அழுக்கு நைட்டியுமாக அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையும் மடியிலிருந்த பயறையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன்டி, உங்களுக்குப் போறதுக்கு வேற வீடே இல்லியா?"

நம்புகிற மாதிரி ஒன்று

அதற்குப் பிறகு கதவு எனக்குத் திறந்தே இருந்தது. அவள் கட்டிலில், நான் நாற்காலியில். அவள் கேட்கிற கேள்விகள் கணக்கு டீச்சர் கேள்விகள். ஜெபத்துக்குப் பதில் வராவிட்டால் அது வராத பதிலா, இல்லை 'மாட்டேன்' என்ற பதிலா? ரெண்டையும் எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் நேராகவே கேட்டாள், "உங்களுக்கு எப்பவாது அவரு இல்லவே இல்லன்னு தோணியிருக்கா ஆன்டி?"

ஊழியக்காரி இதற்கு 'இல்லை' என்றுதான் சொல்லவேண்டும். எங்களுக்குச் சொல்லித்தந்தது அதுதான். அன்றைக்கு என்னவோ நான் நிஜத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு விபத்தில் போனபோது என் மகனுக்கு நாலு வயசு. அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் நான் வாயால்தான் ஜெபித்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. காலிக் குடத்தைக் கிணற்றில் விட்டுக் காலியாகவே இழுத்த மாதிரி. அப்படியும் ஏன் விட்டுவிடவில்லை என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் மகனுக்குச் சோறு ஊட்டும்போது, நான் தனியாக ஊட்டவில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். வெளிச்சமோ குரலோ ஒன்றுமில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, சாட்சிக் கூட்டத்துக்கு இதெல்லாம் காணாது, இன்னும் பெரிசாக வேண்டும். பிரமிளா என் கையிலிருந்த பயறைக் கொஞ்சம் அள்ளித் தன் மடியில் போட்டுத் தோலெடுத்துக்கொண்டே சொன்னாள்: "இத்தன நாள்ல நீங்க சொன்னதுல இது ஒண்ணுதான் ஆன்டி நம்புத மாதிரி இருக்கு."

மாத்திரை

அந்தச் சமயத்தில் டீச்சரின் அண்ணன் வெளியூரிலிருந்து ஒரு ஜெபவீரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய குரல், கூட நாலு பேர். செவ்வாய்க்கிழமையாதலால் நானும் இருந்தேன். அவர் பிரமிளாவின் தலையில் கைவைத்து ஒரு மணி நேரம் ஜெபித்தார். கடைசியில் இது வியாதி இல்லை, ஆவியின் கட்டு, இன்றோடு அறுந்தது என்றார். மேஜைமேல் இருந்த மாத்திரை அட்டைகளைக் காட்டி, "விசுவாசமும் இதுவும் ஒரு பாத்திரத்தில் நிற்காது, எது வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்றார். டீச்சர் அந்த அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரிடம் கொடுத்துவிட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கேதான் நான் உங்களிடம் நேராக இருக்கவேண்டும். அது தப்பு என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரையால்தான் அவள் கதவுவரை நடந்து வந்தாள் என்றும் தெரியும். ஆனால் அவர் பெரிய ஆள், நான் பயறு தோலெடுக்கிற ஊழியக்காரி. அதுமட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எனக்குள்ளே ஒரு நப்பாசை. என் ஜெபத்துக்கு நடக்காதது இவர் ஜெபத்துக்காவது நடந்துவிட்டால் என்ன? அந்த நப்பாசைதான் என் வாயைக் கட்டியது.

முதல் வாரம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். டீச்சர் எல்லோருக்கும் போன் பண்ணிச் சொன்னார். அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது அவள் கண்ணெல்லாம் குழிந்திருந்தது, ராத்திரி உறக்கமே இல்லை என்றாள். நான் அடுப்பங்கரையில் டீச்சரிடம், "மறுபடி டாக்டர்கிட்ட ஒருக்கா..." என்று இழுத்தேன். "அண்ணன் சத்தம் போடுவாரு லில்லி, இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது பிரமிளா வாசல்வரை வந்து, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இது சரியாவலன்னா அது எனக்க விசுவாசம் காணாததா, இல்ல அவருக்க ஜெபம் காணாததா ஆன்டி?"

மணி

அந்த வாரம் முடியவில்லை, பிரமிளா போய்விட்டாள். அவளாகவே போனாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. சனிக்கிழமை காலையில் டீச்சர் வீட்டு முற்றத்தில் நாற்காலிகள் வந்து இறங்கின. எங்கள் சபையில் யார் செத்தாலும் ஆலய மணி அடிக்கும். வயசுக்கு ஒன்றாக அடித்து நிறுத்துவார்கள். ஊர் எண்ணிப் பார்த்து, யார் போனது என்று ஊகிக்கும். அன்றைக்கு மணி அடிக்கவில்லை. தானாகப் போனவர்களுக்கு அடிக்கிற வழக்கம் இல்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். ஆலயத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது, நேரே கல்லறைத் தோட்டம், அதுவும் மதிலோரமாக.

நான் சபைச் செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. "எனக்கும் பெண்பிள்ளை இருக்கு லில்லிபாய், ஆனா ஒண்ணுக்கு விட்டுக்குடுத்தா பின்ன எல்லாத்துக்கும் கேப்பாங்க" என்றார். அய்யரிடம் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து ஜெபித்தார், ஆனால் அங்கி போடாமல் வந்தார். கடைசியில் மணி அடிக்கிற டேனியலிடம் போய் நின்றேன். இருபத்தொன்பது அடி, அவ்வளவுதானே, யார் கேட்டாலும் நான் சொன்னேன் என்று சொல், என் வேலை போனாலும் போகட்டும் என்று அழுதேன். டேனியலும் அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "மணிக் கயிறு எனக்க கையிலதான் இருக்கு, எனக்க கை அவங்க கையில இல்லா இருக்கு லில்லியக்கா."

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தது

நாற்பது நாளைக்குப் பிறகு டீச்சரைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் மூன்று தடவை அந்தத் தெருவரை போய்த் திரும்பியிருக்கிறேன். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அவர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். அண்ணனோடும் பேச்சில்லை. எனக்கு ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்து வைத்தார். நான் வேதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாய் எதையோ பேசியது: ஆண்டவர் அவளைக் கைவிட்டிருக்கமாட்டார், கமிட்டி கைவிட்டாலும் அவர் விடமாட்டார் என்று. அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் நம்புகிற ஒரே விஷயம் அதுவாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் அது, என் மன்னிப்பை ஒளித்துவைத்துக்கொண்டு பேசின பேச்சு.

அவர் என்னைப் பேசவிட்டார். முடிக்கிறவரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுவதுபோல அமைதியாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "அன்னைக்கு மாத்திரையக் கையில வச்சுக்கிட்டு நான் உனக்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நின்னேன் லில்லி, நீ வேண்டாம்னு தலைய ஒண்ணு அசைச்சிருந்தா நான் குடுத்திருக்கமாட்டேன்."

வடசேரியில் ஒரு கைப்பிரதி

அதன்பின் பல மாசம் நான் வேலைக்குப் போனேன், வந்தேன். வீடுகளில் வேதம் வாசித்தேன், ஜெபித்தேன். வீட்டில் தனியாக இருக்கும்போது ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஆண்டவரே' என்ற சொல்லுக்கு மேல் போகாது. ஒரு மத்தியானம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தக்கலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். சாதாரணச் சேலை, காய்கறிப் பை. என்னைப் பார்த்தால் யாரும் ஊழியக்காரி என்று சொல்லமாட்டார்கள். அறுபது தாண்டிய ஒருவர், பஸ்ஸுக்கு பஸ் ஏறி, வேத வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தார். பாதிப் பேர் வாங்கவில்லை. ஒருத்தன் வாங்கி, அவர் கண்முன்னாலேயே மடித்து முறுக்கைச் சுற்றிக்கொண்டான். அவர் என்னிடமும் ஒன்றை நீட்டி, "உங்களுக்குச் சமாதானம் இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார்.

இதே கேள்வியை நான் எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. "இல்ல அண்ணே" என்றேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போனார். பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்தார். இப்போது வசனம் வரும், நான் என்ன செய்தேன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவர் என்றார். மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறதாம். கையிலிருந்த பிரதிகளை முழங்காலில் தட்டித் தட்டி ஒழுங்காக அடுக்கினார். தக்கலை பஸ் வந்து, நான் எழும்பியபோதுதான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கும் இல்ல தங்கச்சி, வீட்டுல இருந்தா இன்னும் மோசம், அதான் இங்க வந்து எல்லாருக்கும் குடுக்கேன்."

ஆட்டோ

போன மழைக்காலத்தில் மலையோரம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மருமகள் ஷீபாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள். அவள் பிள்ளையைத் தொடமாட்டேன் என்கிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், ஏதோ பட்டிருக்கிறது, வந்து ஜெபித்து ஓட்டவேண்டும் என்று மாமியார் கமலாபாய் போனில் சொன்னாள். போனேன். ஷீபாவின் கண்ணைப் பார்த்தேன். அந்தக் கண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். வேதத்தைத் திறக்காமலே சொன்னேன்: "ஆட்டோ கூப்பிடுங்க. இப்பவே ஆஸ்பத்திரி. நானும் வாறேன்." மாமியார் திகைத்தாள். முதலில் ஜெபியுங்கள் என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் ஜெபத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். "ஜெபம் ஆட்டோவில ஏறின பிறவு" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அந்தக் குரல் ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கவேண்டியது.

ஆட்டோவில் ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மழைச் சத்தத்திலும் இஞ்சின் சத்தத்திலும் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் அவளை வார்டில் சேர்த்து மருந்து கொடுத்தார். இது பிரசவத்துக்குப் பிறகு வருகிறதுதான், வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து என்றார். அவள் தேறிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வார்த்தையை நான் இப்போதெல்லாம் உபயோகிப்பதில்லை. இன்னும் மருந்து சாப்பிடுகிறாள். பிள்ளையைக் கையில் வாங்குகிறாள், சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் கமலாபாய்க்கு என்மேல் உள்ள கோபம் மட்டும் ஆறவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில், ஊர் கேட்க என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல ஊழியக்காரி எதுக்கு, அத ஆட்டோக்காரனே சொல்லியிருப்பானே!"

இருபத்திரண்டு வருஷம் மோட்சத்துக்கு வழி சொன்ன நான் இப்போது முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் வழி சொல்கிறேன், அந்த வழியாவது நான் நேரில் போய்ப் பார்த்தது.